அஞ்சலை சொன்ன மீதி

"என் ஃபங்ஷன் ஒரு எரர்கூடக் கொடுக்கலையே அம்மா. பின்னே எதுக்கு என்னை மெஷினை விட்டு எழுப்புறீங்க?" என்று கேட்டார் திருமேனி.

நாச்சியம்மை தொலைந்துபோன செருப்புகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தார்.

கொடிமலைத் திருவிழாவில் செருப்பு தொலைவது சகஜம். மனிதர்கள் தொலைவது அதைவிடச் சகஜம்.

மலையடிவாரத்து மடத்துக்கு நாச்சியம்மைதான் ஆசிரியர். யார் காதிலும் அவர் மந்திரம் ஓதியதில்லை. டேட்டாபேஸ் சொல்லிக்கொடுப்பார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் திருவிழாவின்போது ஒவ்வொரு வாசலிலும் ஒரு தேடல் கூடாரம் போட்டு உட்கார வேண்டும். அதுதான் மடத்துக்கு அவர்கள் செய்யும் சேவை.

கூட்டத்தில் பிரிந்துபோனவர் ஏதோ ஒரு வாசலுக்கு வந்து, தன் ஆளுக்கு ஒரு செய்தி சொல்வார். தொண்டர் அதைத் தட்டி உள்ளே போடுவார். தேடி வருகிறவர் வேறொரு வாசலில் பெயரைச் சொன்னால் அங்கே திரையில் செய்தி வரும். மைக்கில் வாசித்துக் காட்டுவார்கள். செல்போன் டவரெல்லாம் கூட்டத்தில் மூச்சுத் திணறிக் கிடக்கும் நாட்களில் வேறு வழி கிடையாது.

வந்த செய்தியை வாங்கி டேட்டாபேஸின் பட்டியலான டேபிளில் சேர்க்கிற ஃபங்ஷனை, அந்தச் சின்ன புரோகிராமை, எழுதியவர் திருமேனி.

சிஷ்யர்களில் அவர்தான் வயதில் மூத்தவர். ஆசிரியரைவிடவும் மூத்தவர். கல்லூரிப் பக்கம் போகாமல், பழைய புத்தகக் கடையில் வாங்கிய புத்தகங்களை வைத்துத் தானாகவே கற்றுக்கொண்டவர். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. கூடவே ஒரு பயமும் இருந்தது. 'இதுகூடத் தெரியாதா உங்களுக்கு' என்று எந்த நிமிஷமும் யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயம்.

"நான் கேட்டதுக்குப் பதிலே வரலையே அம்மா."

"உங்க ஃபங்ஷனோட தலைவாசல்ல, அடைப்புக்குறிக்குள்ள ஒரு எண் போட்டிருக்கீங்க. இத்தனை எழுத்துக்கு மேல உள்ளே வராதேன்னு."

"ஆமா."

"அதை யாரு படிப்பா?"

திருமேனி மனதுக்குள் புத்தகத்தைப் புரட்டினார்.

ஃபங்ஷனுக்குள் வரும் மதிப்புக்கு நீளம் எழுதிவைக்கலாம். மடத்தில் இருந்த டேட்டாபேஸ் அதைச் சட்டை செய்யாது. எழுத்தா, எண்ணா என்று மட்டும் பார்க்கும். அடைப்புக்குறிக்குள் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு, எவ்வளவு நீளமாக வந்தாலும் உள்ளே விட்டுவிடும். இது அவருக்குத் தெரியும்.

"யாரும் படிக்க மாட்டாங்க."

"பின்னே எதுக்கு எழுதினீங்க?"

"பார்க்க ஒழுங்கா இருக்கட்டும்னு."

"ம். அப்போ நீளமா வர்றதை யாரு தடுக்கிறது?"

"டேபிள்ல இருக்கிற செய்திக் கட்டம். அதுக்கு உண்மையான வரம்பு இருக்கு. மிஞ்சினா ஏத்துக்காது. எரர் கொடுத்துத் திருப்பி அனுப்பிடும்."

"ஆனா உங்களுக்குத்தான் எரர் வரலையே."

"வரலை" என்றார் திருமேனி. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

நாச்சியம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை. "கிழக்கு வாசலுக்குப் போங்க. கிளாடிஸுக்குத் தொண்டை கட்டிப்போச்சாம். அவங்களுக்குப் பதிலா நீங்க மைக்ல வாசிங்க."

"அம்மா, நான் வந்து..."

"இது ரெண்டும் இடது கால்" என்று கையிலிருந்த செருப்புகளைப் பார்த்துச் சொன்னார் நாச்சியம்மை.



எரர் வராததன் காரணம் திருமேனிக்குத் தெரியும். நடந்து போகிற வழியெல்லாம் அது கூடவே வந்தது.

திருவிழாவின் முதல் நாள் எரர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. அழுதபடி நிற்கிறவர்களிடம் தொண்டர்கள், "கொஞ்சம் சுருக்கமா சொல்லுங்கம்மா, உள்ளே போக மாட்டேங்குது" என்று கெஞ்ச வேண்டியிருந்தது. வரிசை வளர்ந்து தெருவுக்குப் போனது.

"உங்க டேபிளுக்குத் தொண்டைக்குழி இவ்வளவுதானா சார்? பச்சைத் தண்ணிகூட இறங்காது போலிருக்கே" என்றாள் கிளாடிஸ். கூடாரமே சிரித்தது.

வரம்பை அளந்து வைத்தவரும் திருமேனிதான். ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் போட்டுச் சோதித்தார். தாராளமாக இடம் இருந்தது. தமிழில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிற எழுத்தைக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்து அந்த டேட்டாபேஸ் கூடுதலாக எண்ணும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கட்டத்தை அகலமாக்கியிருக்கலாம். பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஆனால் மடத்து டேபிளில் கை வைக்க நாச்சியம்மையிடம் கேட்க வேண்டும். கேட்டால், 'அளக்கும்போது தமிழில் சோதிக்கலையா' என்பார்.

அதனால் திருமேனி ஃபங்ஷனுக்குள் ஒரே ஒரு வரி சேர்த்தார். வந்ததை இந்த நீளத்துக்கு மாற்று என்று.

தானாக மிஞ்சினால் டேட்டாபேஸ் கூச்சல் போடும். மாற்று என்று நாமே உத்தரவு போட்டுவிட்டால் கூச்சல் போடாது. மிஞ்சியதை நறுக்கிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நீட்டும். புத்தகத்தில் அது ஒரு வரியாக இருந்தது. அந்த வரியை அவர் பேனாவால் அடிக்கோடிட்டு வைத்திருந்தார்.

எரர் நின்றது. வரிசை நகர்ந்தது. கிளாடிஸ் டீ வாங்கிக் கொடுத்தாள். "நம்ம சார் கெட்டிக்காரர்" என்றாள்.

டீ நன்றாக இருந்தது.



கிழக்கு வாசலில் கிளாடிஸ் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வாங்க சார்" என்றாள், காற்றாக. மைக்கை நகர்த்தி வைத்தாள்.

முதலில் ஒரு மகள் அப்பாவுக்குச் சொன்னது.

"அப்பா, நான்தான். எனக்கு ஒண்ணும் ஆகலை. நீ பதறாத. தண்ணி குடிச்சேன். ஒரு அக்கா பிஸ்கட் கொடுத்தாங்க. நீ மாத்திரை போட்டியா? நான் இப்போ அந்த"

திருமேனி நிறுத்தினார். அதற்கு மேல் இல்லை.

அடுத்தது ஒரு மருமகன் மாமியாருக்கு. அவனும் நலம் விசாரித்திருந்தான். மன்னிப்புக் கேட்டிருந்தான். குழந்தை தூங்கிவிட்டது என்றிருந்தான். 'நாங்க எல்லாரும்' என்பதோடு அவனும் முடிந்திருந்தான்.

அதற்கடுத்ததும் அப்படித்தான்.

நம் ஆட்கள் எடுத்த எடுப்பிலேயே இடத்தைச் சொல்வதில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். சாப்பிட்டாயா என்பார்கள். ரெண்டு திட்டு திட்டுவார்கள். எங்கே நிற்கிறேன் என்பது, கிளம்பும்போது வாசல்படியில் ஞாபகம் வந்த மாதிரி, கடைசியில் வரும்.

திருமேனிக்குக் காது மடல் சுட்டது.

"எல்லாமே பாதியில நிக்குதேம்மா" என்றார், தனக்குத் தெரியாத மாதிரி.

"அழுதுக்கிட்டே பேசுறவங்கதானே சார்" என்றாள் கிளாடிஸ். "பாதியில தொண்டை அடைச்சுக்கும். பாவம். நாங்களும் வந்த வரைக்கும் வாசிச்சிடுவோம்."

"டைப் பண்றவங்க பார்க்கலையா?"

"அவங்க தட்டிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. போனது எப்படிப் போச்சுன்னு யாரு திரும்பிப் பார்க்கிறா? நீங்க எழுதினதாச்சே, சரியாத்தான் இருக்கும்."

அப்போது ஒருவர் முன்னால் வந்து நின்றார். அகன்ற தோள். அரிசி ஆலையில் மூட்டை சுமக்கிறவர் என்று சட்டையில் ஒட்டியிருந்த தவிடு சொன்னது. கையில் மஞ்சள் பை.

"பேரு பச்சையப்பன் சார். என் வீட்டுக்காரி அஞ்சலை. காலையில தேர் திரும்பறப்போ விட்டுட்டேன். போன் அவகிட்ட கிடையாது. வடக்கு வாசல்ல போய்ப் பார்த்தேன், அங்கே செய்தி சொல்லிட்டு எங்கேயோ போயிட்டாளாம். தட்டினவங்க மாறிட்டாங்களாம், அங்கே ஒரே நெரிசல் வேற. என்ன சொன்னான்னு இங்கே கேளுன்னாங்க."

திருமேனி பெயரைத் தட்டினார். செய்தி வந்தது. கண் நேராக அதன் கடைசிக்குத்தான் போனது. போயிருக்கக் கூடாது.

"வாசிங்க சார்."

வாசித்தார்.

"அஞ்சலை பேசறேன். எனக்கு ஒண்ணும் ஆகலை, பயப்படாதீங்க. சாப்பிட்டீங்களா? சுகர் மாத்திரை மஞ்சப் பையில இருக்கு, சாப்பிட்டுப் போடுங்க. காலையில நீங்க பேசினது பேசினதுதான். நான் ஒண்ணும் மறக்கலை. அதனால நான் இனிமே"

பச்சையப்பன் காத்திருந்தார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதாங்க."

"அவ்வளவுதானா சார்?"

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் கிளாடிஸ் இருந்தாள். பின்னால் வரிசை இருந்தது. மைக் வேறு ஆன் ஆகியிருந்தது.

"அவ்வளவுதாங்க" என்றார் திருமேனி மறுபடியும்.

பச்சையப்பன் தலையை ஆட்டினார். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"வர்றப்போ பஸ்ல சண்டை சார். எல்லார் முன்னாடியும் 'நீ போய்த் தொலைஞ்சாத்தான் எனக்கு நிம்மதி'ன்னுட்டேன். அவ ஒண்ணும் பேசலை. எப்பவும் பேசுவா. இன்னைக்குப் பேசலை."

திருமேனி மேஜையைப் பார்த்தார்.

"இனிமே வர மாட்டேன்னு சொல்ல வந்திருக்கா. முகம் தெரியாத ஆளுகிட்ட அதைச் சொல்ல வாய் வந்திருக்காது. நிறுத்திட்டா. அவங்க அண்ணன் வீடு இந்தப் பக்கம்தான், அங்கே போயிருப்பா." என்றார் பச்சையப்பன். "சங்கராபுரம் பஸ் எங்கே சார் நிக்கும்?"

கிளாடிஸ் கையைக் காட்டினாள்.

"வாசிச்சதுக்கு ரொம்ப நன்றி சார்" என்று திருமேனியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார் பச்சையப்பன்.

கும்பிட்டதுதான் தாங்கவில்லை.

"தொண்டைக்கு என்னமாச்சும் போட்டுக்கிட்டு நீயே பாரும்மா" என்று மைக்கைத் தள்ளிவிட்டு எழுந்தார் திருமேனி.



நாச்சியம்மை இன்னும் செருப்புக் குவியல் பக்கத்தில்தான் இருந்தார். திருமேனி எதிரே போய் உட்கார்ந்தார்.

"அம்மா, முதல் நாள் கூட்டம் எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். வரிசை தெருவுக்குப் போயிருச்சு. கிளாடிஸ் வேற எல்லார் முன்னாடியும் என்னைக் கேலி..."

"ஆச்சு" என்றார் நாச்சியம்மை. எழுந்தார். செருப்புச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

திருமேனி பின்னாலேயே ஓடினார். "நான் இன்னும் சொல்லி முடிக்கலை அம்மா."

"அப்படியா? எனக்கு எரர் ஒண்ணும் வரலையே."

அவர் நிற்கவில்லை. அன்னதானக் கொட்டகையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். திருமேனி முந்திக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

"அது வந்தும்மா, நான் அளந்தது இங்கிலீஷ்ல. புத்தகத்துல எல்லா உதாரணமும் இங்கிலீஷ்லதான் இருக்கும். தமிழ்ல அது எப்படி எண்ணும்னு எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்க..."

"ஆச்சு" என்று அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார் நாச்சியம்மை.

சாம்பார் வாளியோடு வந்த ஒருவர், "வழியை விடுங்க பெரியவரே" என்றார். திருமேனி நகரவில்லை. வாளிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கிப் போனார்.

"நான்தான் வெட்டினேன்."

நாச்சியம்மை நின்றார். சாக்கைக் கீழே இறக்கினார்.

"தெரிஞ்சேதான் வெட்டினேன்மா. எரர் வந்தா என் தப்பு வெளியே தெரியும்னு, நறுக்கிப் போடச் சொல்லி எழுதினேன். ஒரு மனுஷன் பொண்டாட்டி சொன்னதைப் பாதியோட கேட்டுட்டு, அவ தன்னை வேணாம்னு சொல்லிட்டான்னு நினைச்சு ஊருக்குப் போறான். அந்த அம்மா எங்கேயோ இவனுக்காக உட்கார்ந்திருக்கு. மீதி எங்கேயும் இல்லை."

நாச்சியம்மை செருப்புச் சாக்கின் வாயைக் கட்டினார்.

"இதை ஏன் என்கிட்டே சொல்லிட்டு நிக்கிறீங்க?" என்றார். சாக்கை அங்கேயே போட்டுவிட்டு மெஷின் இருக்கிற பக்கம் போனார்.

திருமேனி ஓடினார்.



சங்கராபுரம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார். திருமேனி முன்பக்கமாக ஏறினார்.

பச்சையப்பன் ஜன்னலோரம் இருந்தார். பக்கத்து இடத்தில் மஞ்சள் பையை வைத்திருந்தார். பழக்கம் போலிருக்கிறது.

"இங்கே ஆள் வருதாங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

அவர் பையைப் பார்த்தார். "இல்லைம்மா" என்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

திருமேனிக்கு மூச்சு வாங்கியது. கூட்டம், வரிசை, ஆங்கிலம் எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. விழுங்கினார்.

"ஐயா, உங்க வீட்டம்மா சொன்னதுல பாதியை நான் வெட்டிட்டேன்."

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பினார்கள்.

"அவங்க நிறுத்தலைங்க. முழுசாச் சொல்லியிருக்காங்க. நான் எழுதின புரோகிராம் மீதியை..." அவர் நிறுத்தினார். "இல்லை. வெட்டச் சொன்னது நான்தான்."

"அடப்பாவி, புருஷன் பொண்டாட்டி பேச்சுல நீ எங்கேய்யா கத்தரிக்கோலோட நுழைஞ்சே?" என்றது பின் இருக்கையிலிருந்து ஒரு குரல். பஸ் சிரித்தது.

பச்சையப்பன் சிரிக்கவில்லை.

"கேட்டேனே" என்றார். "அவ்வளவுதானான்னு உன்னைக் கேட்டேனே. ரெண்டு வாட்டி கேட்டேன்."

"கேட்டீங்க."

"ஏன் சொல்லலை?"

"வெட்கமா இருந்துச்சு."

கண்டக்டர் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏய், ஏறினா டிக்கெட் எடு, இல்லேன்னா இறங்கு" என்றார்.

"சரி, மீதி என்ன?" என்றார் பச்சையப்பன்.

"தெரியாதுங்க."

"தெரியாதுன்னா? கம்ப்யூட்டர்ல எல்லாம் எங்கேயாச்சும் இருக்கும்பாங்களே."

"இது இல்லைங்க. வெட்டினதை அது எங்கேயும் வைக்கலை."

பச்சையப்பனின் கை மடியிலிருந்த பையைப் பிசைந்தது. திருமேனி அடிக்குத் தயாராக நின்றார். மூட்டை தூக்கிப் பழகிய கை. விழுந்தால் நிம்மதியாக இருக்கும் போலிருந்தது.

"மீதி நீளமா இருந்திருக்குமா?" என்று கேட்டார் பச்சையப்பன்.

"என்னங்க?"

"அவ நிறைய பேசினாளா, கொஞ்சமாப் பேசினாளா?"

"எவ்வளவுன்னு சொல்லத் தெரியலை. வரம்பைத் தாண்டினாத்தான் அது வெட்டும். சுருக்கமா முடிச்சிருந்தா வெட்டுப்பட்டே இருக்காது."

"அப்போ இனிமேங்கிறதுக்கு அப்புறமும் பேசியிருக்கா."

"பேசியிருக்காங்க."

டிரைவர் கியரைத் தள்ளினார். பஸ் ஒருமுறை குலுங்கியது.

"விட்டுட்டுப் போறவ இவ்வளவு பேச மாட்டாளே" என்றார் பச்சையப்பன், யாரிடமோ. பக்கத்தில் இருந்த பெண் தானாகவே காலை ஒதுக்கி வழிவிட்டாள். "யோவ் நிறுத்து, நிறுத்து" என்று கூரையைத் தட்டிக்கொண்டே அவர் பின்படிக்குப் போய், பஸ் நிற்பதற்குள் குதித்துவிட்டார்.

திருமேனி அதே இடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"உனக்கு எந்த ஊருய்யா?" என்றார் கண்டக்டர்.

அதற்குள் வெளியே இருந்து பஸ்ஸின் தகரத்தில் படார் படார் என்று அடி விழுந்தது. ஜன்னலுக்குக் கீழே பச்சையப்பன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறங்குய்யா. தொலைச்சது நீ. தேடுறது நான் மட்டுமா?"